மஞ்சள் எப்போது போகும்

சுவருக்கு அந்தப் பக்கம், மேனேஜர் அறையில், துணிக்கட்டு ஒன்று மேசைமேல் தொப்பென்று விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே மேனேஜரின் குரல்.

“புத்தகத்துல என்ன எழுதியிருக்கு? நீ என்ன நிறுத்துப் போட்டிருக்க? பாதி மஞ்சள் எங்கம்மா போச்சு? காத்துல பறந்துடுச்சா?”

“மாஸ்டர் குறைக்கச் சொன்னாரு சார்.”

“கொஞ்சம் குறைக்கச் சொன்னதா அவரே சொல்றாரு. கொஞ்சம்னா பாதியா?”

“நாலு தடவை சொன்னாரு சார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்.”

“எழுதி வாங்கினியா?”

அந்தச் சாயப்பட்டறையில் யாரும் மாஸ்டரிடம் எதையும் எழுதி வாங்கியதில்லை. சாயக்கலவையின் முதல் அளவு மட்டும்தான் புத்தகத்தில் ஏறும். அதன்பிறகு, “இதைக் குறை, அதை ஏத்து” என்பதெல்லாம் வாய்ச்சொல்தான். முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் வேலை நடந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம், பரிசோதனை அறையில், கலர் மாஸ்டர் நிறம் பார்க்கிற விளக்குப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு துண்டுத் துணி. எழுந்து பத்து அடி நடந்தால் மேனேஜர் அறை. எழவில்லை. இரண்டு வாரமாக அவருக்குப் பசி இல்லை. கை கால்கள் தண்ணீரில் ஊறிய துணிபோலக் கனத்தன. பக்கத்து அறையில் நடப்பது வேறு யார் வீட்டுச் சண்டையோ என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. சாயப்பொடி நிறுக்கிற அந்தப் பெண் வெளியே வந்தாள். நாற்பது வயது இருக்கும். பட்டறையில் அவளுக்கு ‘மில்லி’ என்று பெயர். ஒரு மில்லிகிராம் கூடினாலும் தராசைவிட்டு நகரமாட்டாள் என்பதால் வந்த பெயர். பரிசோதனை அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்று அவரைப் பார்த்தாள். அவர் தன் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அவள் போய்விட்டாள். அன்றோடு அவளுக்கு அந்த வேலையும் போனது.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கழுகு. ஒரு முறை பார்த்த நிறத்தை மறக்காதவர். மற்றவர்கள் வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரி அட்டையைப் பக்கத்தில் வைத்து, சாயம் ஏற்றிய துண்டை ஒட்டிப் பார்த்து, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி முடிவு சொல்வார்கள். அவர் அட்டையை எடுக்கவே மாட்டார். “அட்டை எதுக்கு? அது டிராயர்ல தூங்கட்டும். எனக்கு இங்க இருக்கு” என்று நெற்றியைத் தட்டுவார். அவர் ‘சரி’ என்று சொன்ன பிறகு அட்டையை எடுத்துப் பார்ப்பது அவரை அவமானப்படுத்துவது மாதிரி. யாரும் பார்ப்பதில்லை. நிறம் அளக்கிற மெஷின் ஒன்றை முதலாளி வாங்கிப் போட்டிருந்தார். அதன்மேல் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியை வைத்தார்கள்.

இந்த முறை தலையணை உறைக்கான துணி. தந்தத்தின் நிறம். நான்கு தடவை மாதிரித் துண்டு போட்டார்கள். நான்கு தடவையும் அவர் கண்ணுக்கு மஞ்சள் தூக்கலாகத் தெரிந்தது. “கொஞ்சம் குறை” என்றார் நான்கு தடவையும். ஐந்தாவதைப் பார்த்து, “இப்பதான் வழிக்கு வந்துச்சு” என்றார். அந்த அளவிலேயே மொத்தத் துணியையும் சாயத்தில் போட்டார்கள். போன துணி பத்தே நாளில் திரும்பி வந்தது. “இது தலையணை உறையா, பிணத்துக்குப் போத்தற துணியா?” என்று வாடிக்கையாளர் கேட்டாராம். நீலம் பாரித்துக் கிடந்ததாம்.

மேனேஜர் அவரிடம் கேட்டபோது, “நான் பாஸ் பண்ணது சரியான கலர். எடையிலதான் தப்பியிருக்கும்” என்றார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். திரும்பி வந்த துணியைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. கழுகு எதற்கு இறங்கிப் பார்க்க வேண்டும்?

சனிக்கிழமை காலை, அவர் மனைவியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, காலையில இருந்து இப்படிப் பாக்கறீங்க? கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பாத்ததில்ல.”

“கண்ணைத் தொற.”

“தொறந்துதான் இருக்கு.”

“பெருசா. மேல பாரு. நாக்கை நீட்டு.”

அவள் நாக்கை நீட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினார். கன்னம், கழுத்து, நகம், கண்ணின் வெள்ளை எல்லாம் மஞ்சள். இருபத்தொன்பது வருஷமாக அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த முகம் அது. அது இந்த நிறம் இல்லை.

“உனக்கு மஞ்சள்காமாலை.”

“எனக்கு ஒண்ணுமில்ல. வேளாவேளைக்குச் சாப்பிடறேன். நீங்கதான் தட்டை ஒதுக்கி வைக்கறீங்க.”

“என் கண்ணு சொல்லுது.”

அந்த வீட்டில் அதற்கு மேல் மறுபேச்சுக் கிடையாது. அடுத்த தெரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் முடிவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உங்க வீட்டம்மாவுக்குக் காமாலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னைவிட நல்லா இருக்காங்க.”

“டாக்டர், நான் கலர் மாஸ்டர். நிறத்துல என் கண்ணு தப்பாது.”

டாக்டரின் சிரிப்பு மெல்ல நின்றது. “இந்தச் சுவர் என்ன நிறம்?” என்று கேட்டார்.

“வெளிர் மஞ்சள்.”

“ஐயோ, வெள்ளைங்க!” என்றாள் மனைவி.

“உங்களுக்குப் பசி எப்படி இருக்கு? வாந்தி வர்ற மாதிரி இருக்கா? என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?”

மனைவி பையைக் கொட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பியபோது இதய டாக்டர் கொடுத்த டிஜாக்சின் மாத்திரை அதில் இருந்தது. டாக்டர் அதைத் தனியாக எடுத்து வைத்தார். மாஸ்டரின் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, நாடியை எண்ணினார். எண்ணி முடித்ததும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

மாஸ்டர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, வெள்ளை. நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். மார்பில் இடி விழுந்திருக்க வேண்டிய நேரம் அது. விழவில்லை. தூரத்தில் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சிறுநீரகம் வேகம் குறைந்துபோயிருந்தது. பழைய அளவு மாத்திரையே வெளியேறாமல் உள்ளே சேர்ந்துகொண்டு வந்திருக்கிறது. அது உடம்பில் கூடினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியுமாம். இதய டாக்டர் அதை நிறுத்தி, துடிப்பை அடக்க வேறு மாத்திரை கொடுத்தார்.

“இந்த மஞ்சள் எப்ப போகும்?” என்று கேட்டார் மாஸ்டர். ஆஸ்பத்திரியில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

“மருந்து உடம்பை விட்டுப் போகணும். நல்லா வேலை செய்யற சிறுநீரகம்னா ஒரு வாரத்துல பெரும்பாலும் போயிடும். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். பசி முதல்ல வரும். கண்ணு அப்புறம். பத்து நாள் ஆகலாம், மூணு வாரமும் ஆகலாம்.”

“தேதி சொல்லுங்க டாக்டர்.”

“இது என்ன கல்யாணமா, தேதி குறிக்க? ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி. ஒண்ணு மட்டும் செய்யுங்க. கண்ணு சரியாச்சுன்னு நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க, ஆரம்பிக்கவும் செய்யாதீங்க. என்கிட்ட வந்து காட்டுங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவருடைய நாட்கள் குளியலறைச் சுவரில் ஆரம்பித்தன. அங்கே வெள்ளை ஓடு பதித்திருந்தது. காலையில் எழுந்ததும் அதன்முன் நிற்பார். மஞ்சள். பல் தேய்த்துவிட்டுப் பார்ப்பார். மஞ்சள்.

“அந்தச் சுவரோட என்ன பேச்சு? பதில் சொல்லுச்சுன்னா என்கிட்டயும் சொல்லுங்க” என்பாள் மனைவி.

மேனேஜர் போனில் கேட்டபோது, ‘நெஞ்சுவலி, ஓய்வு’ என்று மட்டும் அவள் சொன்னாள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனை வைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“இங்க பாருங்க. பத்து நாளோ, மூணு வாரமோ, மஞ்சள் போயிடும். நீங்க போய் உங்க நாற்காலியில உக்காருவீங்க. நடுவுல நடந்தது உங்களுக்கும் எனக்கும் அந்த டாக்டருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்.”

“மில்லி?”

“அவளுக்கு வேற இடம் கிடைக்கும்.”

“எடை தப்பினவன்னு பேர் வந்துட்டா எந்தப் பட்டறையிலயும் தராசு பக்கம் விடமாட்டாங்க.”

“கண்ணு போனவர்னு பேர் வந்தா மட்டும்? உங்களை மாலை போட்டுக் கூப்பிடுவாங்களா?”

அவருக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல் பட்டது. எந்தப் பக்கமும் மனசு துடிக்கவில்லை. புது மாத்திரையோ, பழைய மாத்திரையின் மிச்சமோ, இல்லை அவர்தானோ, தெரியவில்லை. ஒரு கணக்குப் போட்டார். மஞ்சள் சீக்கிரம் போனால் யாருக்கும் தெரியாது. போக நாளானால் தானாகத் தெரிந்துவிடும். முடிவை அவர் எடுக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் எடுக்கட்டும்.

ஐந்தாம் நாள் பசி வந்தது. டாக்டர் சொன்னபடியேதான். தட்டைக் காலி செய்தார். மனைவி முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் மில்லி வந்தாள்.

“அண்ணே, உடம்பு முடியலன்னு கேள்விப்பட்டேன்” என்றாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவளுடைய நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு சாயம் ஏறியிருக்கும். இப்போது சுத்தமாக இருந்தன. அவருக்கு அந்த நகங்கள்கூட மஞ்சளாகத்தான் தெரிந்தன.

“இப்ப எங்க வேலை?” என்று மனைவி கேட்டாள்.

“எங்கயும் இல்லக்கா. ரெண்டு பட்டறையில கேட்டேன். நான் வாசலுக்குப் போறதுக்குள்ள சேதி அங்க போய் உக்காந்திருக்கு. ‘பாதி மஞ்சளைத் தின்னவளா நீ’ன்னு கேக்கறாங்க.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. “துணி மடிக்கிற இடத்துல வேணா வான்னாங்க. பதினாறு வருஷம் தராசு முன்னாடி நின்னவக்கா நான். மூச்சை அடக்கித்தான் நிறுப்பேன். மூச்சுக்காத்து பட்டா முள் ஆடும்னு.”

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் சண்டைக்கு வரல. நீங்க நாலு தடவை சொன்னீங்கன்னு மட்டும் மேனேஜர்கிட்ட சொல்லுங்க. நான் உங்களைத் தப்பு சொல்லல. மறந்திருப்பீங்க. உடம்பு சரியில்லாத நேரம். அந்த ஒரு வார்த்தை போதும்.”

அவர் வாய் திறந்தார். “டீ குடிச்சிட்டுப் போ” என்றார்.

அவள் எழுந்தாள். “வேணாம்ணே. உடம்பைப் பாத்துக்குங்க.” வாசலில் செருப்பை மாட்டும்போது கால் தடுமாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆணோ பெண்ணோ, ஒரு மனிதப் பிறவி அப்படிச் சுவரைப் பிடித்து நிற்பதைப் பார்த்தால் கல்லும் கசியும். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கசியவில்லை. கசியாததுதான் அவரைப் பயமுறுத்தியது. அவள் போன பிறகு, சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். மெதுவாக, ஒழுங்காக, அடித்துக்கொண்டிருந்தது.

“இதுவும் மருந்தா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“எது?”

“ஒண்ணும் தோணாம இருக்கறது.”

அவள் யோசித்தாள். “டாக்டர் கொடுத்த தாள்ல அது இல்ல” என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அன்று சமையலறையில் அவள் பாத்திரம் விளக்கியது வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

ஒன்பதாம் நாள் ஓட்டின் ஓரங்கள் வெளுத்தன. பதினோராம் நாள் காலை வெளிச்சத்தில் பாதிச் சுவர் பால்போல் இருந்தது. பதின்மூன்றாம் நாள் கதவைத் திறந்தார். வெள்ளை. கண்ணை மூடித் திறந்தார். வெள்ளைதான். மாலையில் விளக்கைச் சுற்றி லேசாக ஒரு வளையம் மட்டும் மிச்சம் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு ஜன்னல் பக்கம் நிறுத்தினார். அவளுடைய முகம் திரும்பி வந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கருத்திருந்தது. அதையும் இப்போதுதான் பார்த்தார்.

“காமாலை போயிடுச்சா எனக்கு?” என்றாள் அவள்.

“போயிடுச்சு.”

அவள் அவருடைய தோளில் நெற்றியைச் சாய்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். முடிவைச் சிறுநீரகம் எடுத்துவிட்டது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். கையில் ஒரு பெரிய உறை.

“மாஸ்டர்! ஆள் இளைச்சுப் போனாலும் மீசை இளைக்கல. அங்க நீங்க இல்லாம பட்டறை மாமியார் இல்லாத வீடு மாதிரி ஆயிடுச்சு. ஆளாளுக்கு மருமகளா ஆடறாங்க.” உறையைப் பிரித்து மேசையில் கொட்டினார். ஆறு துண்டுத் துணிகள், ஆறு மாதிரி அட்டைகள். “முதலாளி சொன்னாரு, வீட்டுக்கே போய்க் காட்டிட்டு வான்னு. அந்தத் தலையணை விவகாரத்துக்கு அப்புறம் அவருக்கு யார் கண்ணுலயும் நம்பிக்கை இல்ல, உங்க கண்ணைத் தவிர.”

மாஸ்டர் துண்டுகளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். முதல் முறையாக அட்டைகளையும் கூடவே எடுத்துக்கொண்டார். மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. ஒட்டி வைத்துப் பார்த்தார். “இது சரி. இதுவும் சரி. இதுல சிவப்பு ஒரு நூல் கூட. இது மூணும் சரி.”

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து ஒப்பிட்டுத் தொடையில் தட்டினார். “மெஷின் சொன்னது அப்படியே! கழுகு கழுகுதான். திங்கக்கிழமை வண்டி அனுப்பறேன்.”

“மில்லி மேல தப்பு இல்ல சார்.”

“யாரு?”

“மில்லி. நான்தான் நாலு தடவை குறைக்கச் சொன்னேன். அவ நான் சொன்னதைத்தான் செஞ்சா. எனக்கு அப்ப எல்லாமே மஞ்சளா தெரிஞ்சுது. இதய மாத்திரை உடம்புல சேந்து போச்சு. இப்ப போயிடுச்சு.”

மேனேஜர் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மாஸ்டர், நான் எதுவும் கேக்கல. நீங்களும் எதுவும் சொல்லல. இப்ப போயிடுச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?”

“அவளுக்குப் போகலையே சார்.”

“கண்ணுன்னு ஒரு வார்த்தை முதலாளி காதுல விழுந்தா அந்த நாற்காலியில மெஷினை உக்கார வைப்பாரு. மெஷின் மாத்திரை சாப்பிடாதுன்னு சொல்வாரு. நான் அவரைத் தடுக்க முடியாது.”

“தெரியும்.”

“கோபமா சொல்றீங்களா? வருத்தத்துல சொல்றீங்களா? ரெண்டு நாள் ஆறப்போடுங்க.”

“கோபமும் இல்ல, வருத்தமும் இல்ல சார். எனக்கு ஒண்ணுமே தோணல. தோணட்டும்னு காத்திருந்தா அவளுக்கு இன்னும் எத்தனை நாள் போகும்னு தெரியல. அதான் இப்பவே சொல்றேன்.”

மேனேஜர் மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவளுடைய கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன. மேசையில் துணித் துண்டுகளை ஒதுக்கி, தாளைக் கணவர் முன்னால் வைத்தாள்.

“வாயால சொன்னது போதும்ங்க. எழுதிக் கொடுங்க” என்றாள்.

அவர் எழுதினார். எழுத்துக்குப் பழகாத கை. நான்கு வரி எழுத வெகுநேரம் ஆனது. குறைக்கச் சொன்னது எத்தனை முறை, எந்த நாள், எந்தத் துணிக்கு என்று எழுதினார். எடை சரியாகவே இருந்தது என்று எழுதினார். நிறம் தவறியது தன் கண்ணால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்துப் பையில் வைத்தார். துண்டுகளையும் அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி உறையில் போட்டார்.

“அவளை நாளைக்கே வரச் சொல்றேன். பட்டறை ஆளுங்க முன்னாடி இதைப் படிச்சும் காட்டறேன்” என்றார். “திங்கக்கிழமை வண்டி…” அதை முடிக்கவில்லை. “போன் பண்றேன் மாஸ்டர்.”

“சரி சார்.”

வாசலில் மேனேஜர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஏதோ வேடிக்கையாகச் சொல்ல நினைத்தவர்போலத் திரும்பினார். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.